கேளுங்கோ, சொல்லுறன்: மலைக்கு வாறதெண்டால் அவதிப்படாம வாங்கோ

போன இதழில கோணேசர் மலையடியில ஒரு மான் என்ர குடைத்துணியைச் சப்பின கதையை நாலு வரி எழுதினன், அவ்வளவுதான். இந்த மாசம் வந்த கேள்வியில முக்காவாசியும் மலையைப் பற்றித்தான். சமையல் கேள்வி அனுப்பின ஆக்கள் கோவிக்காதீங்கோ, ஒடியல் கூழ் அடுத்த இதழில வரும்.

வவுனியாவில இருந்து ஒரு வாசகி: அக்கா, வாற மாசம் நாங்க குடும்பமா வான் பிடிச்சு ஒரு நாள் பயணமா திருகோணமலைக்கு வாறம். எங்கட இவர் போட்ட பிளான்படி காலமை ஒன்பதுக்கு கோணேசர் கோயில், பத்துக்கு கன்னியா வெந்நீர்க் கிணறு, பதினொண்டுக்கு நிலாவெளிக் கடற்கரை, பின்னேரம் திரும்புறது. மலைக்கு ஒரு மணித்தியாலம் காணுமோ?

பதில்: காணாது தங்கச்சி. ஒன்பது மணியும் சரியில்ல. ஒன்பது மணிக்குத்தான் ஊரில உள்ள அத்தனை டூர் பஸ்ஸும் மலைக்குப் போற வழியில உள்ள கோட்டை வாசல்ல வந்து நிக்கும், கல்லு சூடாகத் தொடங்கியிருக்கும், செருப்பைக் கழட்டிப் போட்டு மேல நடக்கேக்க பிள்ளையள் துள்ளித் துள்ளிப் போகுங்கள், உங்கட இவர் செல்ஃபி எடுத்துப் போட்டு "சரி சரி வானில ஏறுங்கோ" எண்டுவார். அது மலைக்குப் போனதில்ல, மலையைத் தொட்டுட்டு வந்தது.

விடியப்புறம் மூண்டு மணிக்கு அங்க இருந்து வெளிக்கிடுங்கோ. வெளிச்சம் வரேக்க கோட்டை வாசலடியில நிக்கலாம், காலமைப் பூசைக்குப் போற ஊர்ச்சனத்தோட சேர்ந்து நீங்களும் நடக்கலாம். வாசல்ல ஆமிக்காரர் நிப்பினம், பேக்கைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுங்கோ, அதுக்கு முகத்தைச் சுழிக்க வேண்டாம். அந்த வளைவு வாசலுக்குள்ள போகேக்க அவதிப்படாம ஒருக்கா நிண்டு கல்லைப் பாருங்கோ. ரெண்டு மீன் செதுக்கின கல் ஒண்டு சுவரில இருக்கு, பாண்டியற்ற இணைக்கயல். பக்கத்தில தேஞ்சுபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் ராசா முன்ன செய்த திருப்பணியைப் பின்னால பறங்கி, அதுதான் போத்துக்கீசன், வந்து பிரிப்பான் எண்டு சொல்லுற பழைய பாட்டு அந்தக் கல்லுலதான் இருக்கெண்டு எங்கட பக்கம் சொல்லுவினம். உடைச்ச கோயில்ட கல்லாலேயே கட்டின கோட்டைக்கு அந்தக் கல்லையே வாசல்ல வைச்சிருக்கிறாங்கள் பாருங்கோ. நான் அந்த இடத்தில ஒவ்வொரு முறையும் நிப்பன், பின்னால வாற ஓட்டோக்காரர் ஹோர்ன் அடிச்சுத்தான் நகருவன்.

உள்ளுக்குப் போனால் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம். டவுனில அவ்வளவு வெக்கை அடிச்சாலும் இதுக்குள்ள வந்தால் சேர்ட்டுக்குள்ள காத்துப் பூரும். விகாரை ஒண்டு வரும், பழைய ஒல்லாந்தர் இங்கிலீஸ்காரர் காலத்துக் கட்டடங்கள் வரும், மரத்துக்குக் கீழ மானுகள் படுத்துக் கிடந்து அசைபோடுங்கள், உங்களைக் கண்டாலும் எழும்பாதுகள். அங்கால ரோட் மெல்ல ஏறத் தொடங்கும், விளையாட்டுச் சாமான் கடையள், அதைத் தாண்டினால் பெரிய சிவன் சிலை, பிறகு கோயில், பிறகு கடல். இவ்வளவையும் ஒரு மணித்தியாலத்துக்குள்ள எப்பிடிப் பாக்கிற?

நான் சொல்லுற பிளான்: விடிய மலை, எட்டரைபோல இறங்கி டவுனில சாப்பாடு, பிறகு கன்னியா, அங்க ஏழு கிணறும் சின்னன், வாளியால அள்ளி ஊத்திக் குளிக்கிறதுதான், அரை மணித்தியாலம் காணும். மிச்சம் முழுக்க நிலாவெளி. இவரிட்ட இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுங்கோ.

மூதூரில இருந்து ஒருத்தர்: அம்மாவுக்கு எழுபது தாண்டிட்டு, மூட்டு நோ. மேல ஏத்தலாமோ?

பதில்: ஏத்தலாம். நூறு இருநூறு படி ஏறுற மலை இல்ல இது, தார் ரோட்தான், ஆனா கடைசிப் பக்கம் சரிவா இருக்கும். கோட்டை வாசல்ல இருந்து ஓட்டோ பிடியுங்கோ, எவ்வளவு தூரத்துக்கு விடுவினம் எண்டது அண்டைக்கு இருக்கிற சனத்தைப் பொறுத்தது, அதால நேரத்தோட போங்கோ. சிவராத்திரி அண்டைக்கு மட்டும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீங்கோ, அண்டைக்கு நாங்களே கால் வைக்க இடமில்லாம நிப்பம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் தானே இறங்கி நகர்வலம் வருவார், அப்ப அம்மா ரோட்டோரமா ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டே கும்பிடலாம். அதுதான் நல்ல வசதி.

கொழும்பில இருந்து ஒரு தம்பி: மானுக்கு என்ன சாப்பாடு குடுக்கலாம்? வாழைப்பழத்தோல் குடுத்தனாங்கள், சாப்பிட்டுது. பிஸ்கட்டும் சாப்பிட்டுது.

பதில்: தம்பி, அது பொலித்தீனும் சாப்பிடும், என்ர குடையும் சாப்பிடும், அதுக்காகக் குடுக்கிறதோ? இதுகள் புள்ளிமான். புல்லும் இலையும் விழுந்த பழமும் தின்னப் பிறந்த சாதி. ஆடு மாடு மாதிரி இதுக்கும் இரைப்பை நாலு அறை, தின்னுறதை முதல்ல விழுங்கிப் போட்டு ஆறுதலா திரும்ப வாய்க்கு எடுத்து அரைக்கும். அதுக்குள்ள சொப்பின் பேக் ஒண்டு போய்ச் சிக்கினால் மேலயும் வராது கீழயும் போகாது, அங்கேயே கிடந்து உருண்டு கட்டியாகும், மான் வயிறு நிறைஞ்சமாதிரி நினைச்சுப் பட்டினி கிடந்து சாகும். உப்புக் கறி பட்ட சோத்துப் பேக்கைத்தான் மோந்து மோந்து தேடுங்கள். அர்ச்சனைச் சாமான் கொண்டுபோற பேக்கையும் விடாதுகள்.

போன வருசம் நானே பாத்தது: ஒரு பிணைமான், அதின்ர கடைவாயால நீலப் பொலித்தீன் ஒரு சாண் தொங்குது, அது பாட்டுக்கு மென்று கொண்டு நிக்குது. கச்சான் விக்கிற அம்மா ஒராள் எழும்பிப் போய், ஒரு சத்தமும் போடாம, கன்றுக்குட்டியின்ர வாயில கயிறு எடுக்கிற மாதிரி மெல்ல இழுத்து எடுத்தா. முழுசா வந்துது. அவவின்ர கை முழுக்க எச்சில், சீலையில துடைச்சுப் போட்டுத் திரும்பக் கச்சான் அளக்க இருந்திட்டா. அதால ஒண்டும் குடுக்க வேண்டாம், கொண்டு போற பேக்கை மடிச்சுக் கொண்டு திரும்பி வாங்கோ, அதே பெரிய உபகாரம்.

ஒரு ஏ.எல். மாணவி, திருகோணமலை: அன்ரி, எங்களுக்கு உள்ளூர் வரலாறு கட்டுரை இருக்கு. நெட்டில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு எழுதியிருக்கினம். மலையில முந்தி இருந்த கோயில் எங்க, இப்ப இருக்கிறது என்ன?

பதில்: பிள்ளை, இப்ப நீங்கள் கும்பிடுற கட்டடம் பழசில்ல, அதை முதல்ல எழுதுங்கோ. கும்பாபிஷேகம் நடந்தது 1963இல. இடம்தான் பழசு. சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில கோணமாமலை எண்டு பதிகம் பாடிட்டார், ஈழத்தில தேவாரம் பாடினது ரெண்டே ரெண்டு தலத்துக்குத்தான், மற்றது திருக்கேதீச்சரம்.

பறங்கியர் வரேக்க மலையில ஒண்டில்ல, மூண்டு கோயில் இருந்துது. கீழ ஒண்டு, நடுவில ஒண்டு, உச்சியில ஒண்டு. அவங்கட பாதிரி எழுதின குறிப்பிலேயே இதைக் கிழக்கின்ர உரோமாபுரி மாதிரி எண்டு சொல்லியிருக்கு, அவ்வளவு சனம் வந்து போயிருக்கு. 1622 சித்திரை வருசப்பிறப்பு அண்டைக்கு உடைச்சாங்கள். சுவாமி வெளிவீதியில உலா போன நேரம் பாத்துப் பூசகர் மாதிரி உடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போனாங்கள் எண்டு பரம்பரையாச் சொல்லுவினம். உடைச்ச கல்லில ஒரு பங்கு கடலுக்குள்ள, ஒரு பங்கு கோட்டைக்கு. 1624இல கோட்டை எழும்பிட்டுது. ஆனா அவங்கள் அதில இருந்தது பதினைஞ்சு வருசம்தான், 1639இல ஒல்லாந்தர் கண்டி ராசன் ரெண்டாம் ராசசிங்கனோட சேர்ந்து பிடிச்சாங்கள். பிறகு பிரெஞ்சுக்காரர் கொஞ்ச நாள், இங்கிலீஸ்காரர் கொஞ்ச நாள் எண்டு பந்து மாதிரி உருண்டு கடைசியா 1795இல இங்கிலீஸ்காரன்ர கைக்குப் போச்சு. இப்ப சொல்லுற பிரட்றிக் கோட்டை எண்ட பேர் 1803இல வந்தது, அவங்கட ராசா மூண்டாம் ஜோர்ஜின்ர மகன்ர பேர்.

இந்தத் திகதியெல்லாம் எந்தப் புத்தகத்திலயும் கிடைக்கும். நான் உங்களைக் கட்டாயம் எழுதச் சொல்லுறது இடையில உள்ள வருசங்களைப் பற்றி. கோயில் உடைஞ்சு, கோட்டைக்குள்ள வெள்ளைக்காரன் இருந்த காலத்திலயும் எங்கட சனம் மேல போறதை விடேல்ல. ஐயர் பாறை விளிம்பில நிண்டு கற்பூரம் கொளுத்தி, பூவையும் பழத்தையும் கீழ கடலுக்குள்ள எறிவார். கோபுரம் இல்ல, மூலஸ்தானம் இல்ல, சிலையும் இல்ல. வெறும் பாறைக்குப் பூசை. 19ஆம் நூற்றாண்டில வந்த வெள்ளைக்காரர் இதை நேரில பாத்து எழுதியிருக்கினம். உடைக்கேக்க காப்பாத்தின விக்கிரகங்கள் தம்பலகாமத்தில ஆதிகோணேசர் கோயிலுக்குப் போனதெண்டு ஒரு வழக்கு இருக்கு, சிலதைத் தாட்டு வைச்சிருக்கினம். 1950இல டவுனில கிணறு வெட்டேக்க மண்ணுக்குள்ள இருந்து வெண்கல விக்கிரகங்கள் வெளிய வந்துது, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் எண்டு. ஊரே திரண்டு போய்ப் பாத்ததாம்.

கடலுக்குள்ள போன பங்கு பிறகுதான் தெரிய வந்துது. விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின்ர கூட்டாளி மைக் வில்சனும் 1956இல மலையடியில சுழியோடேக்க தூணும் பூ வேலை செய்த கல்லும் கண்டாங்கள். 1962இல வில்சன் கடலடியில இருந்து ஒரு சிவலிங்கத்தைக் கொண்டு வந்தார், அதைத்தான் புதுக்கோயிலில வைச்சாங்கள். அதுக்கு அடுத்த வருசம்தான் கும்பாபிஷேகம்.

கட்டுரைக்குப் படம் வேணுமெண்டால் வாசல்ல உள்ள மீன் கல்லைப் போடுங்கோ, கோபுரப் படம் எல்லாரும் போடுவினம்.

மட்டக்களப்பில இருந்து "காதலர் சங்கம்" எண்டு கையெழுத்துப் போட்ட ஆக்கள்: ஒல்லாந்துப் பெட்டை ஒருத்தி காதலன் கப்பலேறிப் போனதைக் கண்டு மலையில இருந்து பாஞ்சு செத்தது உண்மையோ? ராவணன் வெட்டு உண்மையோ? வெலிங்டன் பிரபு அங்க வருத்தமாக் கிடந்து உயிர் தப்பினது உண்மையோ?

பதில்: மூண்டையும் ஒரே மூச்சில கேட்டுட்டீங்கள். பெட்டையின்ர பேர் பிரான்சினா வான் றீட். 1687 எண்டு வருசம் பொறிச்ச தூண் ஒண்டு நிண்டது, அதுவும் பழைய கோயில் தூண்தான். ஆனா ஒல்லாந்தற்ற பதிவுப்படி அவ அதுக்குப் பிறகும் உயிரோட இருந்து கலியாணம் முடிச்சிருக்கிறா. பாயேல்ல. சங்கம் ஏமாந்திட்டுது எண்டு தெரியும், என்ன செய்யிற.

வெலிங்டன் கதையில அரைவாசி சரி. ஆர்தர் வெலெஸ்லி, அவர்தான் பிறகு வெலிங்டன் பிரபு ஆனவர், 1800 கடைசியில படையோட இங்க வந்து நிண்டவர்தான், கோட்டைக்குள்ள அவர் பேர் சொல்லுற வீடும் இருக்கு. ஆனா காய்ச்சலும் சொறியும் வந்து படுத்தது பம்பாயில. அவர் ஏற வேண்டிய கப்பல் செங்கடலில ஆக்களோட தாண்டுபோனது மெய். எங்கட ஊர்க் கைட் தம்பியள் அந்தச் சொறியைத் தூக்கிக் கொண்டு வந்து திருகோணமலையில வைச்சிட்டாங்கள், நான் கனமுறை சொல்லிப் பாத்தன், "அக்கா, கதை நல்லா இருக்கெல்லோ" எண்டுறாங்கள்.

ராவணன் வெட்டுக்கு உண்மை பொய் கேக்கக்கூடாது. தாய்க்குக் கும்பிட லிங்கம் கொண்டு போக வந்த மகன், கோவத்தில வாளால வெட்டினான், மலை பிளந்துது, தாய் செத்துப் போச்செண்டு கேட்டு கன்னியாவில ஏழு இடத்தில குத்தி வெந்நீர் எடுத்துக் கருமம் செய்தான். எங்களுக்கு அவன் அரக்கன் எண்டதைவிட தாய்க்காக வந்த பிள்ளை. விளிம்பில நிண்டு அந்த வெடிப்பை எட்டிப் பாருங்கோ, கம்பிக்கு அங்கால போகாதீங்கோ. நேர கீழ கடல். அலை உள்ளுக்குப் போகேக்க சத்தம் வராது, வெளிய வரேக்கதான் பெருமூச்சு விட்டமாதிரி ஒண்டு வரும்.

அதுக்குப் பக்கத்தில பாறையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற மரத்தையும் பாருங்கோ. கிளை முழுக்கச் சின்னச் சின்ன மரத்தொட்டில் கட்டித் தொங்கும், பிள்ளை வரம் கேட்டுக் கட்டினது. சிலது புதுசு, சாயம் பளபளக்கும். சிலது உப்புக்காத்தில அடிபட்டுச் சாம்பல் நிறமாகி, நூல் இத்து, ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கும். காத்தடிக்கேக்க எல்லாம் ஒண்டோடொண்டு முட்டும், டொக் டொக் எண்டு. பாய்ஞ்சு செத்த காதலியைத் தேடிக்கொண்டு போறவை இந்தச் சத்தத்தைக் கேக்காம வந்திடுவினம்.

ஒரு சுருக்கக் கேள்வி, எங்கயிருந்தெண்டு எழுதேல்ல: எந்த மாசம் நல்லம்? திமிங்கிலம் தெரியுமாமே?

பதில்: ஐப்பசி கடைசியில இருந்து தைப்பொங்கல் வரைக்கும் எங்களுக்கு மாரி, மலையில காத்து ஆளைத் தூக்கும். மாசி பங்குனி சித்திரை நல்லம். வைகாசிக்குப் பிறகு கச்சான் வீசும், காத்தைச் சொல்லுறன், திங்கிற கச்சான் எல்லா மாசமும் இருக்கு. அது தரைக்காத்து, முகத்தில அடுப்புத் திறந்த மாதிரி, அப்ப விடியவும் பொழுதுபட்டாப் பிறகும்தான் மலை சரிவரும்.

நீலத்திமிங்கிலம் தெரியும், பங்குனியில இருந்து ஆவணி வரைக்கும். எங்கட கரைக்குக் கிட்டவே கடலடியில பெரிய பள்ளத்தாக்கு ஒண்டு இருக்கு, அந்த ஆழத்தால அதுகள் தரைக்கு இவ்வளவு கிட்ட வருதுகள், மலையில நிண்டே பாக்கிற அளவுக்கு. ஆனா தொலைக்காட்சியில மாதிரி வாலைத் தூக்கிக் காட்டுமெண்டு நிக்காதீங்கோ. தண்ணி அசையாம கிடக்கிற காலமையில, தூரத்தில, ஒரு வெள்ளைப் புகை நிமிர்ந்து எழும்பி அழியும், அதுதான் அது விடுற மூச்சு. நான் எத்தினையோ தரம் போய் மூண்டு தரம்தான் கண்டன். பைனாகுலர் இருந்தால் கொண்டு போங்கோ, பொறுமை கட்டாயம்.

கனடாவில இருந்து ஒரு ஐயா: நாப்பது வருசத்துக்கு மேல ஊருக்கு வரேல்ல. அடுத்த மாசிக்கு வாறன். மனிசி போயிட்டா, எனக்கு இப்ப கோயில் பூசை எண்டு பெரிய பிடிப்பில்ல. நாங்கள் கலியாணம் முடிச்ச புதுசில அந்த மலையில போய்ச் சும்மா இருப்பம். இப்பவும் அப்பிடி ஒருத்தரை இருக்க விடுவினமோ? இல்ல எல்லாம் சனமும் கடையுமோ?

பதில்: ஐயா, கடை கூடிட்டுது, மறைக்கேல்ல. நீங்கள் கண்ட மலையில இந்தச் சிவன் சிலை இருந்திருக்காது, ரோட்டோரத்துப் பிளாஸ்டிக் துவக்கும் பலூனும் இருந்திருக்காது, போயா நாளிலயும் பள்ளிக்கூட லீவிலயும் வந்தால் "இதுவோ எங்கட மலை" எண்டு கேப்பீங்கள். லீவில்லாத செவ்வாய் புதன் பாத்து வாங்கோ.

இருக்க விடுவினம். சுவாமி கும்பிட வந்தனீங்களோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். என்ர அப்பாவும் உள்ளுக்குப் போறதில்ல, அம்மாவை விட்டிட்டு வெளியில, கடல் தெரியிற சுவரோரமா இருந்திடுவார், சேர்ட் பொக்கற்றில மடிச்ச கச்சான் சுருள். அம்மா திருநீறு கொண்டு வந்து பூசி விடேக்க மட்டும் கண்ணை மூடுவார். பூசை மணி அடிக்கும், கீழ அலை அடிக்கும், அவர் ரெண்டுக்கும் நடுவில இருப்பார். அவர் இல்லாமப் போன பிறகும் நான் அந்தச் சுவரோரம்தான் இருக்கிறனான்.

விடியப்புறத்தை விட உங்களுக்குப் பின்னேரம் சரிவரும் எண்டு நினைக்கிறன். அஞ்சரைக்குப் பிறகு பஸ் சனம் இறங்கிடும், சூரியன் மற்றப் பக்கம், துறைமுகத்துப் பக்கமாப் போகும், கிழக்கால கடல் முதல்ல ஊதா நிறமாகிப் பிறகு மெல்ல மெல்ல இருளும், தூரத்தில மீன்பிடி வள்ளங்களின்ர லைற் ஒண்டொண்டாப் பத்தும். மானுகளும் அந்த நேரம்தான் எழும்பி நடக்கும். இறங்கி வரேக்க ரோட் இருட்டா இருக்கும், போனில டோர்ச் இருக்குத்தானே, சரிவில பாத்துக் கால் வையுங்கோ.

மாசியில எந்தக் கிழமை எண்டு பத்திரிகை விலாசத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கோ. நான் புதன்கிழமையில போறனான், போத்தலில தேத்தண்ணி கொண்டு போவன், இஞ்சி போட்டது. சீனி வேணுமோ வேண்டாமோ எண்டதையும் எழுதுங்கோ.